பல நாட்டு ஊழியர்கள், ஒரே விதிப்புத்தகம்: ஐரோப்பிய ஆணையத்தின் சீர்திருத்தமும் பணி ஊக்கமும்

வெவ்வேறு நாடுகளில் பிறந்து, வெவ்வேறு அரசு மரபுகளில் ஊறியவர்களை ஒரே அலுவலகத்தில் உட்கார வைத்து வேலை வாங்க முடியுமா என்ற கேள்விக்கு நூறு வயது கடந்துவிட்டது. அதன் தொடர்ச்சியாக எழும் இரண்டாவது கேள்வி இன்னும் சிக்கலானது. அப்படிப்பட்ட அலுவலகத்தின் விதிகளைத் திருத்தி எழுதும்போது ஊழியர்களின் ஊக்கம் என்ன ஆகிறது? சோர்வு தட்டினால் அதற்கு அவர்களுடைய பண்பாட்டு வேற்றுமை காரணமா, சீர்திருத்தத்தின் உள்ளடக்கம் காரணமா, அல்லது அதை நடத்திய விதமா?

இதை ஆராய ஐரோப்பிய ஆணையத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இன்று 27 நாடுகள், 24 அலுவல் மொழிகள், சுமார் 32,000 ஊழியர்கள். 2000-க்கும் 2004-க்கும் இடையில் அது தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய நிர்வாகச் சீர்திருத்தத்தைக் கண்டது. அதைப் பற்றி அரசியல் அறிவியலாளர்களும் சமூகவியலாளர்களும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஊழியர்கள் மனம் கசந்தார்கள் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். ஏன் கசந்தார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள்.

யாருக்கு விசுவாசம் என்ற பழைய வாதம்

1919-இல் சர்வதேச சங்கத்தின் செயலகத்தை எப்படி அமைப்பது என்ற பேச்சு எழுந்தபோது இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலாளர் மாரிஸ் ஹாங்கியின் யோசனை, ஒவ்வொரு நாடும் தன் ஆட்களை அனுப்பி, அவர்கள் அந்தந்த நாட்டின் பிரதிநிதிகளாகவே இருக்கலாம் என்பது. முதல் பொதுச்செயலாளரான எரிக் டிரம்மண்ட் மற்ற வழியைத் தேர்ந்தெடுத்தார்: எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வேலை சங்கத்துக்கு, கட்டளை பொதுச்செயலாளருடையது. 1930-களில் பாசிச இத்தாலி அங்கிருந்த தன் குடிமக்களைக் கைக்குள் வைத்துக்கொள்ள முயன்றபோது இந்தக் கொள்கை எவ்வளவு மெல்லியது என்பது வெளிப்பட்டது. 1960-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பதவியை மூன்று பேரிடம் பிரித்துக் கொடுக்கச் சொன்ன சோவியத் தலைவர் குருஷேவின் வாதமும் இதே இடத்தைத்தான் தாக்கியது: நடுநிலை மனிதர் என்று ஒருவர் கிடையாது. அடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் அப்போதைய பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்டு இதற்குப் பதில் சொன்னார். அதிகாரிக்குச் சொந்தக் கருத்தும் சொந்த நாடும் இருக்கலாம். பணியில் அவை வழிகாட்டக் கூடாது என்பது அதன் சாரம்.

ஐரோப்பிய ஆணையம் டிரம்மண்டின் வழியில் பிறந்தது, ஆனால் ஹாங்கியை முழுதாகக் கைவிடவில்லை. ஊழியர் பணி விதிகளின் 27-ஆம் பிரிவு, உறுப்பு நாடுகள் அனைத்திலிருந்தும் இயன்ற அளவு பரவலாக ஆளெடுக்க வேண்டும் என்கிறது. அதே மூச்சில், எந்தப் பதவியும் எந்த நாட்டவருக்கும் ஒதுக்கப்படாது என்கிறது. நடைமுறையில் உயர்பதவிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத கொடிகள் பறந்தன. வேளாண்மை இயக்ககத்தின் தலைமை பிரெஞ்சுக்காரருக்கு, போட்டிக் கொள்கை இயக்ககத்தின் தலைமை ஜெர்மானியருக்கு என்பது எழுதப்படாத வழக்கம்.

இந்தப் பழைய விவாதத்தின் குறை, அது விசுவாசத்தை மட்டுமே பார்த்தது. விசுவாசம் இருந்தால் ஊக்கம் தானே வரும் என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டன. ஐரோப்பா மீது அசையாத நம்பிக்கையும், அன்றாட அலுவலகத்தின் மீது ஆறாத எரிச்சலும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கலாம் என்பதை அவை எண்ணிப் பார்க்கவில்லை.

1999: வீழ்ச்சியும் திருத்தமும்

ஜாக் சாந்தேர் தலைமையிலான ஆணையம் 1999 மார்ச் மாதம் கூண்டோடு பதவி விலகியது. நிதி முறைகேடுகளை அம்பலப்படுத்திய பால் வான் பைட்டெனன் என்ற டச்சுத் தணிக்கை அதிகாரி அதற்கு மூன்று மாதம் முன்பு பாதிச் சம்பளத்தில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். பிரான்ஸின் முன்னாள் பிரதமரான ஆணையர் எடித் கிரெஸ்ஸோன், தனக்கு வேண்டிய பல் மருத்துவர் ஒருவரை ஆலோசகராக்கியது பெரும் விவகாரமானது. ஐந்து சுயேச்சை நிபுணர்கள் கொண்ட குழுவின் அறிக்கை, ஆணையத்தில் பொறுப்பேற்க ஆளில்லை என்ற பொருள்பட எழுதியதுதான் கடைசி அடி.

அடுத்து வந்த ரொமானோ ப்ரோடி, சீர்திருத்தப் பொறுப்பை நீல் கின்னக்கிடம் கொடுத்தார். பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் முன்னாள் தலைவரான கின்னக், சாந்தேர் ஆணையத்திலும் ஆணையராக இருந்தவர். 2000 மார்ச்சில் வெள்ளை அறிக்கை வந்தது. மையத்திலிருந்த நிதிக் கட்டுப்பாட்டாளர் முன்கூட்டியே ஒப்புதல் முத்திரை குத்தும் முறை போனது. ஒவ்வொரு தலைமை இயக்குநரும் தன் இயக்ககத்தின் செலவுக்குத் தானே ஆண்டுதோறும் கையெழுத்திட்டு உறுதி கூற வேண்டும் என்றானது. தனி உள்தணிக்கைப் பிரிவு உருவானது. உயர் அதிகாரிகள் ஒரே நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பது முடிவுக்கு வந்தது. மறைமுகக் கொடிகளும் இறங்கத் தொடங்கின: வேளாண்மைக்கு ஒரு ஸ்பானியரும், 2002-இல் போட்டிக் கொள்கைக்கு ஒரு பிரிட்டிஷ்காரரும் தலைமை ஏற்றார்கள். இவை எல்லாவற்றின் உச்சமாக, 2004 மே 1 அன்று புதிய பணி விதிகள் நடைமுறைக்கு வந்தன.

ஊழியர்களை நேரடியாகத் தொட்டது மதிப்பீட்டு முறை. முன்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுதப்பட்ட அறிக்கை போய், 2003 முதல் ஆண்டுதோறும் 20-க்கு மதிப்பெண் வந்தது: வேலைத்திறனுக்கு 10, தகுதிகளுக்கு 6, நடத்தைக்கு 4. ஒவ்வோர் இயக்ககத்தின் சராசரியும் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பது வழிகாட்டல். இதன் மேல் இயக்ககம் வழங்கும் முன்னுரிமைப் புள்ளிகள் வேறு. புள்ளிகள் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து, குறிப்பிட்ட எல்லையைத் தொட்டால் பதவி உயர்வு. சேர்ந்த புள்ளிகளை ஊழியர்கள் முதுகுப்பை என்று அழைத்தார்கள்.

இதை ஒரு பிரிவுத் தலைவரின் மேசையில் வைத்துப் பார்க்கலாம். அவருக்குக் கீழே பத்துப் பேர், பத்துப் பேரும் நன்றாக வேலை செய்கிறவர்கள். ஒருவருக்கு 16 போட்டால் இன்னொருவருக்கு 12 போட்டாக வேண்டும். 12 வாங்கப் போகிறவருக்கு எழுத்தில் ஒரு காரணமும் கண்டுபிடிக்க வேண்டும். அவர் மேல்முறையீடு செய்தால் ஊழியர் பிரதிநிதிகளும் நிர்வாகமும் சரிபாதியாக அமரும் குழுவின் முன் அந்தக் காரணம் நிற்க வேண்டும். நம்மூர் அரசு அலுவலகத்தின் ரகசியக் குறிப்பேடு தெரிந்தவர்களுக்கு இந்த வெளிப்படைத்தன்மை பெரிய முன்னேற்றமாகத் தோன்றலாம், ஓரளவுக்கு அது உண்மையும்கூட. ஆனால் ரகசியக் குறிப்பேட்டில் பத்துப் பேரும் நல்லவர்களாக இருந்துவிட முடியும்.

பண்பாடுதான் காரணம் என்போர்

முதல் விளக்கம் எளிமையானது, அதனாலேயே பரவலானது. சீர்திருத்தம் பிரிட்டிஷ் மேலாண்மைச் சிந்தனையிலிருந்து வந்தது. ஆணையமோ பிரெஞ்சு நிர்வாக மரபின் சாயலில் கட்டப்பட்டது. ஆகவே வடக்கும் தெற்கும் மோதின. கின்னக் பிரிட்டிஷ்காரராக இருந்தது இந்தக் கதைக்கு நன்றாகவே உதவியது.

மூலம் இல்லாத கதை அல்ல இது. 1990-களின் தொடக்கத்தில் ஆணையமே கேட்டுக்கொண்டதன் பேரில் மார்க் அபெலேஸ், இரேன் பெல்லியே, மேரியன் மெக்டொனால்ட் ஆகிய மூன்று மானுடவியலாளர்கள் உள்ளே இருந்து ஆராய்ந்து 1993-இல் அறிக்கை கொடுத்தார்கள். நேரம், படிநிலை, கோப்பு நடத்தும் முறை, ஒருவருக்கு உதவுவது சலுகையா ஊழலா என்பன பற்றியெல்லாம் எதிர்பார்ப்புகள் வேறுபடுவதை அவர்கள் கண்டார்கள். லீஸ்பெட் ஹூஹே 137 உயர் அதிகாரிகளைப் பேட்டி கண்டு 2001-இல் வெளியிட்ட நூலும், ஐரோப்பா பற்றிய அவர்களுடைய பார்வையை ஆணையத்துக்குள் கழித்த காலத்தைவிட வெளியே பெற்ற அனுபவங்களே அதிகம் தீர்மானிப்பதாகக் காட்டியது.

ஆயினும் இந்த விளக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. முதலில், சீர்திருத்தத்தின் வேர்கள் லண்டனில் மட்டும் இல்லை. டச்சுக்காரரான டிர்க் ஸ்பீரென்பர்க் 1979-இலேயே ஏறத்தாழ இதே நோய்களைப் பட்டியலிட்டிருந்தார். சாந்தேர் காலத்தில் பின்லாந்தின் எர்க்கி லீகானென் நிதி, பணியாளர் சீர்திருத்தங்களைத் தொடங்கியிருந்தார். கின்னக்கின் திட்டம் பெரும்பாலும் ஆணையத்துக்குள் நெடுங்காலம் ஊறிக் கிடந்த யோசனைகளின் தொகுப்பே என்று ஹுசைன் காசிம் வாதிடுவதை எளிதில் ஒதுக்க முடியாது. இரண்டாவது, மானுடவியலாளர்கள் கண்டதில் முக்கியமான ஒன்று பெரும்பாலும் மறக்கப்படுகிறது. தேசிய முத்திரைகள் எப்போதும் செயல்படுவதில்லை. ஏதாவது கோளாறு ஏற்படும்போதுதான் அவற்றை எடுத்து விளக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் பண்பாடு கசப்பின் காரணமாக இருப்பதைவிடக் கசப்பைப் பேசும் மொழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மதிப்பெண் முறையே இதற்கு உதாரணம். பிரான்ஸில் படித்தவருக்கு 20-க்கு 14 நல்ல மதிப்பெண். ஜெர்மனியில் படித்தவருக்கு 1 தான் உச்சம், எண் கூடக்கூடத் தரம் குறையும். முதல் ஆண்டில் இது குழப்பியிருக்கும். இரண்டாம் ஆண்டில் 14 என்றால் 'சராசரி' என்று எல்லோருக்குமே புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுந்த மனத்தாங்கலுக்குப் பிறந்த ஊர் தேவைப்படவில்லை.

காகிதமும் கட்டுப்பாடும்

இரண்டாவது தரப்பு நாடுகளை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறது. அந்தோனிஸ் எலினாஸும் எஸ்ரா சுலைமானும் ஆணையத்தின் உயர்நிலை மேலாளர்களைப் பேட்டி கண்டு வந்த முடிவு, நவீனமாக்க வந்த திட்டம் மேலும் அலுவலகத்தனத்தைக் கொண்டுவந்தது என்பது. மிக்கேல் பாவர் பிரிவுத் தலைவர்களைக் கேட்டார். திட்டமிடல், அறிக்கையிடல், மதிப்பிடல் ஆகியவற்றால் கொள்கை வேலைக்கான நேரம் குறைவதாக இடைநிலை மேலாளர்களிடம் இனம்புரியாத கவலை இருப்பதைப் பதிவு செய்தார். நிதிப் பக்கத்தில் இது இன்னும் கண்கூடு. மையக் கட்டுப்பாட்டாளர் போனதும் பொறுப்பு கீழே வந்தது. பொறுப்போடு கையெழுத்துப் பயமும் வந்தது. ஒவ்வோர் இயக்ககமும் தனக்குள்ளேயே சரிபார்ப்பு மேல் சரிபார்ப்பாக அடுக்கிக்கொண்டது. ஒரு முத்திரை இருந்த இடத்தில் நான்கைந்து கையெழுத்துகள்.

இந்தத் தரப்பின் பலம், அது எல்லா நாட்டவரின் சோர்வையும் ஒரே காரணத்தால் விளக்குகிறது. பலவீனம், கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மேலாளர்கள். தன் அதிகாரம் குறைந்துவிட்டதென்று மேலாளர் சொல்லும் புகாருக்கும், ஊழியரின் மனக்குறைக்கும் வேறுபாடு உண்டு. மேலாளரின் கையைக் கட்டிய அதே விதி, முன்பு ஆணையரின் அலுவலகத்தில் ஆள் தெரிந்தவர்களுக்கே கிடைத்த பதவி உயர்வை ஆள் தெரியாத ஒருவருக்கும் எட்ட வைத்திருக்கலாம். அவருடைய குரல் இந்த ஆய்வுகளில் மெலிதாகவே கேட்கிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் திதியே ஜோர்ஜககிஸின் விளக்கம் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. ஐரோப்பாவைக் கட்டுகிறவர்கள் என்ற தனி மதிப்பு பழைய அதிகாரிகளிடம் இருந்தது. அதுவே அவர்களுடைய மூலதனம். சீர்திருத்தம் அவர்களை எந்த நிறுவனத்திலும் இருக்கக்கூடிய மேலாளர்களாக மாற்றியபோது அந்த மதிப்பு பறிபோனது. படிக்கும்போது மனத்தைத் தொடும் வாதம் இது. ஆனால் இழந்த பொற்காலத்தின் சாயல் இதில் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. முந்தைய ஆணையத்தின் ஊழியர்களும் 1998 ஏப்ரலில், பணி விதிகளைத் திருத்தும் உள்வரைவு ஒன்றை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள்தான்.

2004 மே 1

மூன்று விளக்கங்களும் போதிய கவனம் தராத ஓர் இடம் உண்டு. என் பார்வையில் அதுவே மையம்.

புதிய விதிகள் ஊதிய ஏணியைக் கீழே நீட்டின. நான்கு பழைய பிரிவுகள் இரண்டாகின: நிர்வாகிகள், உதவியாளர்கள். புதிதாகச் சேர்பவர்கள் முன்பைவிடக் கீழான படியில் தொடங்கினார்கள். சேமிப்புக்கு இது எளிய வழி. ஏற்கெனவே இருப்பவர்களின் சம்பளத்தில் கைவைக்க வேண்டாம், சங்கங்களோடு பெரிதாக மோதவும் வேண்டாம். இன்னும் வராதவர்களுக்குச் சங்கம் ஏது.

சிக்கல், பாதி வழியில் நின்றவர்களிடம் எழுந்தது. பழைய விதிகளின்படி அறிவிக்கப்பட்ட போட்டித் தேர்வில் வென்று, தேர்ச்சிப் பட்டியலில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஒரே தேர்வு, ஒரே பட்டியல். ஏப்ரல் மாதம் ஏ7 நிலையில் நியமனம் கிடைத்தவர் மே 1 அன்று புதிய ஏணியின் 8-ஆம் படிக்கு மாற்றப்பட்டார். அதே பட்டியலிலிருந்து மே மாதம் அழைக்கப்பட்டவர் 6-ஆம் படியில் சேர்ந்தார். அடுத்தடுத்த அறைகளில் அதே வேலையைச் செய்துகொண்டு, வேறு வேறு சம்பளம். சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2007-இல் கீழ் நீதிமன்றமும் 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன: நியமனம் ஆகும்வரை யாருக்கும் பழைய விதியில் உரிமை பிறக்கவில்லை. சட்டப்படி இதில் குறை சொல்வது கடினம்.

இந்தக் கோடு நாட்டின் பேரைச் சொல்லவில்லை. ஸ்பானியர்களுக்குள்ளும் ஜெர்மானியர்களுக்குள்ளும் அது சமமாகவே ஓடியது. ஆனால் புதிய விதிகள் வந்த அதே நாளில்தான் போலந்து, ஹங்கேரி, எஸ்தோனியா உட்படப் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. நிரந்தர அதிகாரியாக ஒரு போலந்துக்காரர் மே 1-க்கு முன் சேர்ந்திருக்கவே முடியாது. ஆகவே பத்து நாட்டவரும் ஒருவர் விடாமல் கோட்டின் தாழ்ந்த பக்கத்தில் விழுந்தார்கள். தேசியம் பற்றி ஒரு சொல்லும் இல்லாத விதி, விளைவில் தேசியத்தைத் தொட்டது. பண்பாட்டு விளக்கத்தை ஏற்காதவர்களும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்: பன்னாட்டு நிர்வாகத்தில் எந்த விதியும் நாடுகளிடையே ஒரே மாதிரி பரவி விழுவதில்லை.

அப்படியானால் புதியவர்கள்தான் அதிகம் மனம் உடைந்திருக்க வேண்டும். கரோலின் பான் 2013-இல் வெளியிட்ட நூல் அப்படிச் சொல்லவில்லை. புதிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் விரைவாக ஒட்டிக்கொண்டதையும், ஆர்வத்தோடு வேலை செய்ததையும் அவர் கண்டார். ஒரு காரணம் எளிதில் தோன்றுகிறது: வார்சாவில் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் 6-ஆம் படியும் பெரிய தொகை. எதிர்ப்பக்கத்திலிருந்தும் இது பொருந்துகிறது. பின்னாளில் வளம் மிகுந்த சில நாடுகளிலிருந்து போதிய விண்ணப்பங்கள் வராமல் ஆணையம் கவலைப்பட்டது. டென்மார்க்கிலோ நெதர்லாந்திலோ இருப்பவருக்குத் தாழ்ந்த தொடக்கப்படி அவ்வளவு கவர்ச்சியாக இல்லை. ஊக்கம் விதியை மட்டும் சார்ந்திருக்கவில்லை. யாரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார் என்பதையும் சார்ந்திருந்தது. பக்கத்து அறைக்காரரோடு ஒப்பிடத் தொடங்கும் நாளில் அந்த ஆர்வம் எப்படி மாறும் என்பதற்கு நெடுங்கால ஆய்வு வேண்டும்.

2014-இல் நடைமுறைக்கு வந்த அடுத்த திருத்தம் இதே வழியில் நடந்தது. வார வேலை நேரம் 40 மணி ஆனது, ஊழியர் எண்ணிக்கையில் 5 சதவீதக் குறைப்பு வந்தது, செயலர் பணிக்குத் தனியாகக் கீழ்ப்படி ஒன்று உருவானது. ஓய்வு வயதில்கூடப் புதியவர்களுக்கு ஒரு கணக்கு, பழையவர்களுக்கு இன்னொன்று.

மொழி

1958-இன் முதல் ஒழுங்குமுறை மொழிகளைச் சமமாக்கியது. தாழ்வாரங்களில் நெடுங்காலம் பிரெஞ்சு ஆண்டது. 1995-இல் சுவீடன், பின்லாந்து, ஆஸ்திரியா சேர்ந்தபோதே ஆங்கிலம் முன்னேறத் தொடங்கியது, 2004-க்குப் பிறகு அதன் முன்னிலை உறுதியானது. பிரிட்டன் விலகிய பின்னும் அது அப்படியே தொடர்கிறது. புதிய விதிகள் முதல் பதவி உயர்வுக்கு முன் மூன்றாவது மொழியில் வேலை செய்யும் திறனைக் காட்டச் சொல்கின்றன. போட்டித் தேர்வின் இரண்டாம் மொழியை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று சுருக்கிய அறிவிப்புகளை இத்தாலியின் முறையீட்டில் நீதிமன்றம் 2012-இல் செல்லாதென்றது. மதிப்பீட்டில் மொழியின் பங்கு பற்றி நாம் அறிந்தது குறைவு. தாய்மொழி அல்லாத மொழியில் எழுதும் குறிப்பு தட்டையாக இருந்தால், அது வேலைத்திறன் என்ற 10 மதிப்பெண்ணில் எவ்வளவு கழிந்தது என்று யாரும் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

எதை அளந்தார்கள்

ஊக்கம் குறைந்தது என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். 1999-க்கு முன் அளக்கப்பட்ட, ஒப்பிடத்தக்க அடிக்கோடு இல்லாமலேயே பெரும்பாலான வாதங்கள் நடக்கின்றன. வழக்கமான அளவுகோலான பணிவிலகல் இங்கே உதவாது. சம்பளமும் ஓய்வூதியமும் நன்றாக இருப்பதால் மனம் கசந்தவரும் வேலையை விடுவதில்லை. சங்கங்களுக்குச் சோர்வை உரக்கச் சொல்லக் காரணம் உண்டு, நிர்வாகத்துக்கு அதை மெல்லச் சொல்லக் காரணம் உண்டு. ஆய்வாளர்களில் ஒருவர் கேட்டது ஐரோப்பா மீதான பற்று, இன்னொருவர் கேட்டது மேலதிகாரி மீதான நம்பிக்கை, மூன்றாமவர் கேட்டது காகித வேலையின் சுமை. மூன்றையும் ஊக்கம் என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டு முடிவுகள் முரண்படுகின்றன என்று வியப்பதில் பொருளில்லை.

இப்போதுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால் பண்பாட்டு மோதல் என்ற விளக்கம் மிகைப்படுத்தப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. காகிதச் சுமை பற்றிய விளக்கம் மேலாளர்கள் அளவில் வலுவாக நிற்கிறது, அதற்குக் கீழே அவ்வளவாக இல்லை. சேர்ந்த தேதியால் ஏற்பட்ட பிளவு, குறைவாக ஆராயப்பட்டதாக இருந்தாலும், அதிகம் விளக்கக்கூடியது. மதிப்பெண் முறை பின்னர் மென்மையாக்கப்பட்டு, 2010-களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டு, எழுத்து வடிவ மதிப்பீடு வந்தது. தேதிக் கோட்டை யாரும் அழிக்கவில்லை.

அந்தக் கோட்டின் மேல்பக்கத்தில் இருந்தவர்கள் இப்போது ஆண்டுதோறும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முற்றிலும் போன பிறகு, 2004-க்குப் பின் வந்தவர்கள் தங்களை யாரோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள், 2014-இன் கோடு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுமா என்பதை இனி வரும் ஊழியர் கருத்துக்கணிப்புகளில் பார்க்கலாம். அதற்கு அந்தக் கணிப்புகள் பிறந்த நாட்டைக் கேட்கும் அதே அக்கறையோடு பணியில் சேர்ந்த தேதியையும் கேட்க வேண்டும்.